உட்கார்ந்து கேட்டவர்கள்

லவெல் டாக்கெட்டின் முதல் ஆல்பத்தைப் பற்றி பெல்லமி ஊரில் ஆளாளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் ஆளுடைய அபிப்பிராயம். அந்த ஆள் மூன்று வாரமாக அவனோடு பேசவில்லை.

லவெலுக்கு ஐம்பத்தொரு வயது. கெளுத்தி மீன் பண்ணையில் தீவன வண்டி ஓட்டுகிறவன். காலையில் கரைமேல் வண்டியை உருட்டிக்கொண்டே போவான். பின்னாலிருக்கும் குழாய் தீவனத்தைத் தண்ணீர்மேல் ஊதும். அதுவரை வானத்தை மல்லாத்திப் போட்ட மாதிரிக் கிடந்த குளம் சட்டென்று கொதிக்கும். எங்கே பார்த்தாலும் வாய், மீசை, வால். கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போய் மறுபடி வானமாகிவிடும். அந்தக் கொதிப்புக்கும் அடங்கலுக்கும் நடுவில்தான் அவனுக்குப் பாட்டு வரும். தேடிப் போனதில்லை. வண்டிச் சத்தத்துக்குள்ளிருந்து தானாக எழுந்து வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். அதை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெல்மாவின் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போய் கிதாரில் இறக்கி வைப்பான். ஜனங்கள் எழுந்து ஆடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான்.

அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தவன் வில்பர்ட். மீன் ஆலையில் ருசி பார்க்கிற ஆள். ஒரு குளத்தில் வலை போடுவதற்கு முன்னால் ஒரு மீனைப் பிடித்து ஆலைக்கு அனுப்புவார்கள். வில்பர்ட் அதன் வால் பக்கத்தை உப்பில்லாமல் வேகவைத்து, மோந்து பார்த்து, ஒரு துண்டை வாயில் போட்டு, துப்புவான். பிறகு ஒரே ஒரு சொல். "சரி" என்றால் லாரி வரும். "மண்ணு" என்றால் குளம் முழுக்க இருக்கிற மீன் காத்துக் கிடக்கணும். தண்ணீரில் பாசி மாறினால் மீனில் மண்வாசனை ஏறிவிடும். பண்ணை முதலாளியே வந்து தோளில் கை போட்டாலும் வில்பர்ட்டின் சொல் மாறாது. அந்த நாக்கைத்தான் லவெல் ஏமாற்றப் பார்த்தான்.

நடந்தது இதுதான். மெம்ஃபிஸ் நகரத்திலிருந்து டிரெவர் என்கிற வெள்ளைக்காரப் பையன் ஒருவன் வந்து இரண்டு ஞாயிறு தெல்மாவின் கடையில் வாசிப்பைக் கேட்டான். மூன்றாவது வாரம் போனில் கூப்பிட்டு, ஆல்பம் போடலாம், நான்கு நாள் வந்தால் போதும், டிரம்ஸ் வாசிக்க எங்களிடமே ஆள் இருக்கிறது என்றான். லவெல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றான். என் ஆள் இல்லாமல் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "சரி" என்றுதான் வெளியே விழுந்தது. வில்பர்ட்டிடம், அக்காவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெல்லமியில் ஒரு பொய்க்கு ஆயுசு நான்கு நாள். ஐந்தாம் நாள் அந்த அக்காவே தேவாலயத்துக்கு வந்து, கல்லுக்குண்டு மாதிரி முதல் வரிசையில் உட்கார்ந்து பாடினாள். வில்பர்ட் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் அவன் தெல்மாவின் கடைக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். டிரம் முக்காலியின் மேல் யாரோ கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். லவெல் அதைப் பார்க்காமல் வாசித்தான். நான்கு பாட்டோடு நிறுத்தினான்.

வியாழக்கிழமை பெட்டி வந்தது. உள்ளே ஐம்பது சிடி. அட்டையில் லவெல் பருத்தி ஆலைக் கதவில் சாய்ந்து நிற்கிறான். முன்பல் போன இடம் தெரியக்கூடாது என்று வாயை இறுக்கி மூடியிருந்ததால், போட்டோவில் யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி இருந்தான். சனிக்கிழமை காலை பெட்டியைப் பிக்கப் வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினான். நேரே வில்பர்ட் வீட்டுக்குப் போகத்தான் கிளம்பினது. வண்டி சலூனில் போய் நின்றது.

சலூன்காரர் ஜூனியஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு சிடியைப் போட்டார். காத்திருந்த நான்கு பேரும் தேவாலயத்தில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மின்விசிறி ஒரு பக்கம் சுற்றியது, பாட்டு ஒரு பக்கம் சுற்றியது. லவெல் கண்ணை மூடினான். மூடினால் குளம் தெரிந்தது, ஆனால் மீன் எதுவும் மேலே வரவில்லை. தண்ணீர் அசையாமல் பளபளவென்று கிடந்தது.

பாட்டு முடிந்ததும் ஜூனியஸ்தான் முதலில் பேசினார்.

"ரொம்ப சுத்தமா இருக்குய்யா லவெல். கிதார குளிப்பாட்டி, பவுடர் போட்டு உக்கார வச்ச மாதிரி. எங்க மாமியா வீட்ல தைரியமா போடலாம்."

அது புகழ்ச்சியா என்று லவெலுக்குப் புரியவில்லை. ஜூனியஸின் மாமியார் இருபது வருஷமாக மருமகனை வாசலோடு அனுப்புகிறவள். இன்னொருவர், குரல் நன்றாக விழுந்திருக்கிறது, இத்தனை நாள் நீ என்ன பாடுகிறாய் என்றே தெரியாது, இப்போதுதான் வார்த்தை புரிகிறது, பாதி வார்த்தை புரியாமல் இருந்ததே நல்லது என்றார். ஷேவிங் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தவர், எழுந்திருக்கலாம் என்று நினைக்கிறபோது பாட்டு முடிந்துபோகிறதே என்று கேட்டார். நான்கு நிமிஷத்துக்கு மேல் போனால் ரேடியோவில் போடமாட்டார்களாம் என்று லவெல் சொன்னான். அவர் துண்டை எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது அவன் மச்சான். சபை மூப்பர். லவெல் வாசிக்கிற ப்ளூஸ் என்றாலே சாத்தான் காலைப் பிடித்து இழுக்கிற சத்தம் என்பது அவருடைய தீர்ப்பு. வண்டிக்குள் ஏறி, யாரும் பார்க்கக்கூடாதென்று கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, அந்த ஜூலை வெயிலில் வேர்த்துக் கொட்டக் கேட்டார். மூன்று பாட்டுக்குத் தலை குனிந்தபடியே இருந்தார். பாவம்தான் இது, ஆனால் பெரிய பாவம் இல்லை என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அந்த மூன்றாவதை இன்னொரு தடவை போடச் சொன்னார். எந்த அளவு பாவம் என்று நிச்சயப்படுத்திக்கொள்ளவாம்.

லவெலின் சட்டைப்பையில் டிரெவர் அனுப்பிய கடிதம் ஒன்று இருந்தது. முன்கூட்டியே சில பத்திரிகைகளுக்கு ஆல்பத்தை அனுப்பியிருந்தானாம். எங்கோ கடல் தாண்டி ஒருத்தர் ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு கொடுத்து எழுதியிருந்தார். 'இவ்வளவு ஆழமான தனிமையைச் சமீபத்தில் எந்த கிதாரிலும் கேட்டதில்லை. இரவெல்லாம் அழுதேன்.' லவெல் அதை வண்டியிலேயே உட்கார்ந்து எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தான். அவன் ஆயுசில் ஒரு மனுஷனையும் அழவைக்கப் பாட்டு கட்டினதில்லை. தனிமை எங்கிருந்து வந்தது என்று யோசித்தான். யோசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை.

மத்தியானம் தெல்மாவின் கடை நிறைந்திருந்தது. பொரித்த மீன், கீரை, சோள ரொட்டி. தெல்மா சிடியை வாங்கி, முந்தானையில் துடைக்கிற மாதிரி ஏப்ரனில் துடைத்துவிட்டுப் போட்டாள். எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திக் கேட்டார்கள். சிலர் தலையை ஆட்டினார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். அந்தக் கடையில் அதற்குமுன் யாரும் கைதட்டி லவெல் பார்த்ததில்லை. ஞாயிறு சாயங்காலம் ஆடி முடித்துவிட்டு வாசலில் போய் வேர்வை உலர்த்துகிறவர்களுக்குக் கைதட்ட ஏது கை.

"கேக்க நல்லா இருக்குப்பா," என்றாள் தெல்மா.

"அவ்வளவுதானாக்கா?"

"நல்லா இருக்குன்னு சொல்றேன்ல. வேற என்ன சொல்லணும்? என் காலைக் கேளு. அது ஒண்ணுமே சொல்லல."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காலையிலிருந்து அத்தனை பேரும் உட்கார்ந்து கேட்டிருந்தார்கள். சலூனில் உட்கார்ந்து, வண்டியில் உட்கார்ந்து, இங்கே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து. அந்தக் கடல் தாண்டிய ஆளும் உட்கார்ந்துதான் அழுதிருப்பார்.

மெம்ஃபிஸ் டிரம்மர் நல்ல பையன். குற்றம் சொல்ல முடியாது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, உள்ளே டக் டக் என்று கணக்குச் சொல்லும் மிஷினுக்கு ஒரு மயிரிழை பிசகாமல் அடித்தான். வில்பர்ட் அப்படி அடிக்கமாட்டான். அவன் கிதாரைப் பார்ப்பதில்லை, லவெலைப் பார்ப்பதில்லை. ஆடுகிறவர்களின் காலைப் பார்ப்பான். பாதம் தரையைத் தொட்டபிறகுதான் அவன் குச்சி தோலைத் தொடும். எப்போதும் ஒரு துளி பிந்தும். அந்தத் துளி இடைவெளியில்தான் ஜனங்கள் இடுப்பை வைத்துக்கொள்வார்கள். கால்கள் ஓயும்வரை பாட்டும் ஓயாது. ஒரே பாட்டு இருபது நிமிஷம் ஓடியிருக்கிறது. மெம்ஃபிஸில் கண்ணாடி அறைக்குள் பார்க்கக் கால் எதுவும் இருக்கவில்லை.

வில்பர்ட் வீட்டுக்குப் போகிற ரோடு பருத்திக் காட்டுக்கு நடுவில் நேராக ஓடுகிறது. சாயங்கால வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி போகப்போக, பருத்திப் பாத்திகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. வண்டி நகர்கிறதா, நிலம்தான் திரும்பிக்கொண்டிருக்கிறதா என்று தெரியாத மாதிரி. தூரத்தில் ரோட்டின்மேல் தண்ணீர் தேங்கினதுபோல் கானல் மினுங்கியது. கிட்டே போனால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. லவெல் சிடியைப் போடவில்லை. டயர் சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனான். இருபத்திரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே ஞாயிற்றுக்கிழமையாகி, ஜன்னலுக்கு வெளியே கூடவே வந்தது.

வில்பர்ட் முற்றத்தில் ஒரு வலையைப் பிரித்துப் போட்டு முடிச்சுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி ஆர்லீன் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் வில்பர்ட் தலையைக் குனிந்துகொண்டான். ஆர்லீன்தான் பேசினாள்.

"வாங்கண்ணே. அக்காவுக்கு உடம்பு தேவலயா?"

லவெலுக்குக் காது சுட்டது. "அவ நல்லாத்தான் இருக்கா ஆர்லீன்."

"பாத்தோம், பாத்தோம். செத்துப் பொழச்சவ மாதிரியா பாடுனா? கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு."

லவெல் வலைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"பொய் சொன்னேன்டா வில்பர்ட். நீ வேணாம்னு அவன் சொன்னான். நான் சரின்னுட்டேன். மூஞ்சிக்கு நேரா சொல்லத் தெம்பில்ல."

வில்பர்ட் ஒரு முடிச்சை இறுக்கினான். இன்னொன்றை இறுக்கினான்.

"எதுக்கு வந்த இப்ப?"

"ருசி பாத்துச் சொல்லு. மண்ணுன்னா மண்ணுன்னு சொல்லு. கேட்டுட்டுப் போயிடறேன்."

வேலை என்று வந்துவிட்டால் வில்பர்ட்டால் மறுக்க முடியாது. எழுந்து, கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, வண்டியில் ஏறினான். லவெல் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு சிடியைப் போட்டான்.

வில்பர்ட் கண்ணை மூடிக்கொண்டான். ஆலையில் மீனை நாக்கில் வைத்துக்கொண்டு நிற்பானே, அதே முகம். முதல் பாட்டு போனது. இரண்டாவது போனது. லவெல் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது முடிந்ததும் வில்பர்ட் வெளியே தலையை நீட்டித் துப்பினான். பழக்கம்.

"மீன் நல்ல மீன்தான்," என்றான். "தண்ணிதான் ஒன் தண்ணி இல்ல. பையன் கடிகாரத்தப் பாத்து அடிச்சிருக்கான்."

"அப்ப மண்ணா?"

அதற்குள் நான்காவது பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஏழாம் குளத்துக் கரையில் லவெலுக்குக் கிடைத்த பாட்டு அது. வில்பர்ட்டின் விரல் டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டியது. மெம்ஃபிஸ் பையனின் அடிக்கு ஒரு துளி பின்னால். இன்னொரு தட்டு. பிறகு இரண்டு கையும். தூசி படிந்த டேஷ்போர்டில் பத்து விரலும் தடம் போட்டுக்கொண்டே போயின. சுத்தமாகக் குளித்து உட்கார்ந்திருந்த கிதார் மெதுவாக எழுந்து நிற்பது லவெலுக்குக் கேட்டது.

வில்பர்ட் இப்போது கண்ணைத் திறந்திருந்தான். லவெலைப் பார்க்கவில்லை. திறந்த கதவு வழியாகக் கொடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஆர்லீனின் கை ஒரு போர்வையைக் கொடியில் போட்டுவிட்டு அப்படியே நின்றிருந்தது. கால் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டாள். ஈரப் போர்வைக்குக் கீழே இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது. புல்லில் மாறி மாறி விழுந்தது. போர்வையின் பின்னால் வெயில் இருந்ததால் அவள் இடுப்பின் நிழல் முழுத் துணியிலும் பெரிதாக அசைந்தது. பாதம் விழுந்த பிறகே விரல் விழுந்தது.

நான்கு நிமிஷத்தில், மெம்ஃபிஸில் முடித்த இடத்தில், பாட்டு தேய்ந்து முடிந்தது. ஆர்லீன் முடிக்கவில்லை. அதனால் வில்பர்ட்டும் முடிக்கவில்லை.

அடுத்த பாட்டு ஆரம்பிப்பதற்குள் லவெல் கையை நீட்டி சிடியை நிறுத்தினான்.