தாருக்கு ஜோசியம்

கெட்டித் தாரை எரித்தால் நூற்றுக்கு எவ்வளவு கரி மிஞ்சும் என்று சொல்வதற்கும் ஒரு வேலை உண்டு. அதைத்தான் நான் செய்கிறேன். என்னைப் போல உலை முன்னால் வேகிற சகோதரிகளே, உங்களிடம் புலம்பாமல் யாரிடம் புலம்புவது?

முக்காடு

தார்ப் புகை பட்ட முகத்தில் வெயில் விழுந்தால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். அதனால் பாப்பாரப்பட்டிச் சந்தைக்கு முக்காடு போட்டுத்தான் போவேன். லேப்பில் வேலை என்று நான் பீற்றிக்கொண்டதை நம்பியிருந்த பக்கத்து வீட்டுக்காரி, தக்காளி பொறுக்கியபடியே சொன்னாள்: "லேப்புன்னீங்க. சித்தேரி மலைக்குத் தேனெடுக்கப் போயிட்டு வர்றாப்பல இருக்குதுங்க."

எரிக்காமலே சொல்வது

எங்கள் தார்க் கம்பெனிக்கு லேப்டாப்போடு புது இன்ஜினியர் ஒருவர் வந்தார். தார் எந்தச் சூட்டில் இளகுகிறது, அடர்த்தி என்ன, கரைப்பானில் கரையாமல் எவ்வளவு நிற்கிறது என்று தட்டினால், எவ்வளவு கரி மிஞ்சும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாம். இத்தனை வருஷம் நான் எரித்துச் சொன்ன எண்களைப் படித்துத்தான் அது தேறியதாம். எட்டாவதோடு நின்ற நான் ஒரு கம்ப்யூட்டருக்கு வாத்தியாராக இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

கணக்கு ஒத்துவந்தால் உலையை அணைத்துவிடலாம் என்றார் மேனேஜர். அணைத்தபின் எனக்கு என்ன வேலை? என் முகத்தைப் பார்த்த இன்ஜினியர் ஆறுதல் சொன்னார்: "கவலப்படாதீங்கக்கா, உங்களுக்கு நல்ல ரெஸ்ட்டு."

போட்டி

ஒரே தாரை இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். நான் பொடித்து, மூசைக் கிண்ணத்தில் போட்டு மூடி, உலையில் வைத்தேன். ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் கரியும் காற்றுப் பட்டு எரிந்துபோய்விடும். அதற்குள் கம்ப்யூட்டர் சொல்லி முடித்து, இன்ஜினியர் டீயும் குடித்துவிட்டார். அது தப்பாகப் போகட்டும் என்று நான் வேண்டாத சாமியில்லை. எடை போட்டேன், இரண்டும் ஒன்றாகவே வந்தன. மேனேஜர் மனமாரப் பாராட்டினார்: "பரவால்லைங்க, நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

வாங்க வந்தவர்

உலையை அணைக்கப்போகிற வாரத்தில் ஓசூரிலிருந்து ஒருவர் சரக்கு பார்க்க வந்தார். கரித்தூளில் எங்கள் தாரைப் பிசைந்து சுட்டுக் கரிக்கட்டை செய்கிறவர். தாரில் கரி குறைந்தால் கட்டை விரிசல் விடும். மேனேஜர் கம்ப்யூட்டர் கணக்கை நீட்டினார். வந்தவர் அதைப் படித்தார், லேப்டாப்பைப் பார்த்தார், பிறகு மூலையில் நின்ற என்னை நிதானமாகப் பார்த்தார். "கணக்கு சரிதானுங்க. நாளைக்குக் கட்டை வெடிச்சா நான் யாரைத் திட்டறது? இந்தம்மாவே எரிச்சுக் கையெழுத்துப் போடட்டும்."

எல்லாம் செய்யத் தெரிந்த கம்ப்யூட்டருக்குத் திட்டு வாங்க மட்டும் தெரியாததால், என் உலை இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.