பெரியம்மா ஓரிடமும் போகாமல் நடந்த கதை

எங்கள் பெரியம்மாவுக்கு நீரிழிவு. மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய் வருவார். ஒருமுறை அங்கிருந்த தாதி, குளிசைகளைக் கொடுத்த கையோடு அவருடைய கிளினிக் கொப்பியில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார்: தினமும் அரை மணித்தியாலம் நடக்கவும். "இப்பிடியே இருந்தால் பிறகு நெடுகலும் ஊசிதான் அம்மா" என்றும் சொல்லியனுப்பினார். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே பெரியம்மா இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொள்வார்.

நடப்பது அவருக்குச் சிரமமில்லை. எங்கள் ஊரான இணுவிலில் ஒரு பெண் காரணமில்லாமல் வேலிகளுக்கு நடுவே ஓடும் ஒழுங்கையால் நடப்பதுதான் சிரமம். ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் ஒரு தலை எட்டிப் பார்த்து, "எங்கை போறியள்?" என்று கேட்கும். சும்மா நடக்கிறேன் என்று சொல்ல அவருக்கு வெட்கம். ஆகவே ஒரு கையில் வெறும் பையும் மறு கையில் நானுமாகப் புறப்படுவார். எனக்கு அப்போது ஏழு வயது. ஒருநாள் கடைக்கு, ஒருநாள் தையல்காரியிடம், ஒருநாள் பிள்ளைக்குப் பல்லுக்கொதி என்று கூசாமல் சொல்லுவார். நான் உடனே கன்னத்தைப் பொத்திக்கொள்வேன். பள்ளிக்கூட நாடகத்தில் எனக்கு மர வேஷம்தான் தந்திருந்தார்கள். ஒழுங்கையில் நல்ல வேஷங்கள் கிடைத்தன.

இரண்டாவது கிழமையில் காரணங்கள் தீர்ந்துபோயின. ஒரு படலையில் தடுமாறி, "கோயிலடி மாமிக்குக் கடும் வருத்தம், படுத்த படுக்கையாம், பாத்திட்டு வரப்போறன்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் பின்னேரம் எங்கள் படலை படாரென்று திறந்தது. கோயிலுக்குப் பக்கத்து வீட்டிலிருக்கும் கோயிலடி மாமி ஒரு நோயுமில்லாமல் கல்லுப்போல நின்றார். ஒரு கையில் பிஸ்கட் பெட்டி, மறு கையில் தோடம்பழப் பை. காலையிலிருந்து ஊரே இவற்றோடு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. ஒருத்தி அழுதும் விட்டாளாம்.

"எனக்கு என்ன வருத்தமெண்டு நீயே சொல்லு பிள்ளை!"

பெரியம்மா கொப்பியை எடுத்துவந்து நீட்டினார். "நடக்கச் சொன்னவை மாமி. சும்மா நடக்கிறன் எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது. ஊசி போடவும் பயமாக் கிடக்கு."

மாமி கொப்பியை வாங்கி வாசித்தார். கோபம் எங்கேயோ போய்விட்டது. "என்ரை கொப்பியிலையும் இதைத்தான் எழுதிக் கிடக்கு. நான் அந்தப் பக்கத்தை மருமேளுக்குக் காட்டேல்லை" என்றார் மெதுவாக. பிறகு பிஸ்கட் பெட்டியை என்னிடம் தந்துவிட்டார்.

அடுத்தநாள் இருவரும் புறப்பட்டார்கள். முதல் படலையில் வழக்கமான கேள்வி வந்தது. மாமி நின்று, ஒழுங்கை முழுக்கக் கேட்க, "ஒரிடமும் இல்லை, நடக்கிறம்! நீயும் வாவன்" என்றார். கேள்வி கேட்டவளும் வந்தாள். மாரி மழை தொடங்குமுன் ஏழு பேராகிவிட்டார்கள். வேஷம் போடும் வேலை பறிபோனதில் எனக்குத்தான் கவலை.

பள்ளிக்கூட விடுமுறையில் நானும் கிளினிக்குக்குப் போனேன். தாதி இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சீனி நல்லாக் குறைஞ்சிட்டுது அம்மா. ஊசி தேவையில்லை."

பெரியம்மா சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். புள்ளி குறைந்துபோனால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைக் கணக்குப் பரீட்சை எனக்கு நன்றாகவே காட்டியிருந்தது. அவர் முதுகைத் தடவிவிட்டேன்.

"அழாதேங்கோ பெரியம்மா. அடுத்தமுறை கூடுதலா எடுக்கலாம்."

வாங்குகளில் முறைக்குக் காத்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். தாதி சிரித்தார். பெரியம்மாவும் அழுதபடியே சிரித்தார். ஆறுதல் சொன்னதற்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. தனியே நிற்பது அழகில்லை என்று நானும் சிரித்துவைத்தேன்.