விற்காத பெயிண்டுக்கு வந்த வரி

விற்பனை வரிக் கணக்கு எழுதித் தரும் தொழிலில் கூட்டல் கழித்தலைவிடக் கெடு தேதிதான் ஆளைக் கொல்லும். மாதாமாதம் படிவம் நிரப்பி நொந்துபோன உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடுகள் மறிக்கப்பட்டுக் கிடந்த காலத்தில், கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு நான் நடத்திய ஒரு வழக்கு இது.

சும்மா இருந்த குற்றம்

சங்கராபுரத்தில் பெயிண்ட் கடை வைத்திருந்தவர் மேரியம்மா. கணவர் இறந்தபின் கடையும் இரண்டு பெண் பிள்ளைகளும் அவர் பொறுப்பு. மறியலால் லாரி வராமல் இரண்டு மாதம் கடை பூட்டிக் கிடந்தது. விற்பனைதான் இல்லையே என்று மாதக் கணக்கும் கொடுக்கவில்லை, அவர் கணக்கை எழுதும் என்னிடமும் சொல்லவில்லை. பூஜ்யமானாலும் அதை எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அதிகாரி உத்தேசமாக ஒரு விற்பனையைப் போட்டு, வரியும் அபராதமும் விதித்துவிட்டார். கட்டாவிட்டால் ஜப்தி.

மேரியம்மாவை அழைத்துக்கொண்டு அவரிடமே போனேன். “கட மூடிக் கெடந்தத ஊரே பாத்துச்சுங்க” என்றார் மேரியம்மா. அதிகாரி கோபப்படவில்லை. “ஊர் பாத்தா போதாதும்மா, பைல் பாக்கணும்.”

வெள்ளிமலையில் ஒரு கையெழுத்து

இனி மேல்முறையீடுதான். அதற்கு அத்தாட்சி வேண்டும். மேரியம்மாவிடம் வழக்கமாக அதிகம் வாங்குபவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக் கடைக்காரர். அந்த இரண்டு மாதம் சரக்கு வரவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தால் வழக்கு நிற்கும். மொபெட்டில் மலை ஏறினேன்.

காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கையெழுத்துப் போட்டால் வரிக்காரர்கள் தன் கடைக்கும் வருவார்களோ என்ற பயம். வாங்கிய பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். கடைசியில் கடையை ஒட்டிய தன் வீட்டுச் சுவரைத் தடவிக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். “எம் பொண்ணு கல்யாணத்துக்கே சுண்ணாம்புதான் அடிச்சன். இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?”

மரத்துக்கு இந்தப் பக்கம்

மனு கொடுக்கக் கடைசி நாள். மேல்முறையீட்டு அலுவலகம் இருந்த கடலூருக்கு மறியலால் பஸ் இல்லை. மேரியம்மாவின் கணக்குப் புத்தகங்களைப் பையில் கட்டிக்கொண்டு மொபெட்டில் கிளம்பினேன். திருநாவலூர் பக்கம் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. சுற்றிலும் மறியல்காரர்கள் இருபது பேர்.

“பையில இன்னா? சர்க்கார் காயிதமா?” என்றார் துண்டு கட்டிய ஒருவர்.

பையைப் பிரித்துக் காட்டி, கணவனை இழந்த ஒரு பெண்ணின் கடை, இன்று சாயங்காலத்துக்குள் மனு போகாவிட்டால் ஜப்தி என்று உளறிக் கொட்டினேன். பின்னால் யாரோ வண்டியைப் பிடுங்கச் சொன்னார்கள். துண்டுக்காரர் மனுவை எழுத்துக்கூட்டிப் படித்தார். மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்தார். பிறகு நான்கு பேராக மொபெட்டைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். “எங்க மனுவுக்கு எத்தினியோ வருசமா பதில் இல்ல. உங்க மனுவாவது போய்ச் சேரட்டும், போங்க.”

ஐந்து மணிக்குள்

போய்ச் சேர்ந்தபோது அலுவலகம் மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அறைகள் காலி, பக்கத்துத் தெருவில் குடியிருந்ததால் எழுத்தர் ஒருவர் மட்டும் வந்திருந்தார். அன்றைய தேதி முத்திரையைக் குத்திக் கொடுத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. புழுதி அப்பிய என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆபீசரே வர முடியல. நீங்க எப்படிங்க வந்தீங்க?”

சில மாதங்கள் கழித்து உத்தேச வரி ரத்தானது. கணக்குக் கொடுக்காததற்குச் சிறு அபராதம் மட்டும் நின்றது. உத்தரவை மேரியம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இனிமே கட பூட்னா, சாமிக்கு அடுத்து உங்களுக்குத்தான் சொல்லுவன் சார்.”

என் வாதத் திறமையால்தான் அந்த வழக்கு ஜெயித்தது என்று கடைத்தெருவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள், நானும் மறுத்ததில்லை.