கோழிப் பண்ணைக்கு வந்த பனி வண்டி

பழைய வண்டியைச் சரிசெய்யும் தொழிலில் முதலில் பழுதாவது, சரிசெய்ய உட்கார்ந்தவனுடைய கணிப்புதான். "கொஞ்சம் வேலை பார்த்தா ஓடிரும்" என்ற பேச்சை நம்பி மாதங்களைத் தொலைத்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே வார்டில் படுத்திருக்கும் நோயாளிகள்.

ராசிபுரம் சாலையில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. டூ ஸ்ட்ரோக் பைக், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், சின்ன ஜெனரேட்டர், இவைதான் என் வேலை. ஐம்பத்தைந்து வயதில் அந்த வேலை வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் ஆயாவாக இருக்கும் என் மனைவி ஸ்டெல்லா, பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு செக்யூரிட்டி வேலைக்குச் சொல்லிவைத்தாள். கார்த்திகை பிறக்கும்வரை இடத்தைப் பிடித்துவைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் பனி வண்டி வந்து சேர்ந்தது.

ரிட்டன் லோடு

நாமக்கல் பக்கத்துப் பொன்னுசாமிக்கு லாரிகளும் உண்டு, கோழிப் பண்ணையும் உண்டு. ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு காஷ்மீர்வரை போன அவருடைய லாரிக்குத் திரும்பி வர லோடு கிடைக்கவில்லை. டிரைவர் கந்தசாமி அங்கே ஒரு பழைய இரும்புக் கடையில் செத்துக் கிடந்த பனி வண்டியை ஏற்றி வந்துவிட, பொன்னுசாமி அதை என் கொட்டகை வாசலில் இறக்கினார். பார்த்திராதவர்களுக்கு: உறைந்த பனிமேல் ஓட்டுகிற வண்டி இது. முன்னால் சக்கரம் கிடையாது, இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் புல்டோசருக்கு இருப்பதுபோல அகலமான ஒரு ரப்பர் பட்டை. நடுவில் ஒரு சீட்டு, ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அந்த எஞ்சினைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அசைந்தது. இப்போது யோசித்தால், அங்கேயே எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

பொன்னுசாமியின் யோசனை இது. கூண்டுக் கோழிகளுக்குக் கீழே விழும் எரு, மழைக் காலத்தில் முழங்கால் சேறாகிவிடும். டிராக்டர் விட்டால் புதைகிறது. பெண்கள் சட்டியில் அள்ளித் தலையில் சுமக்கிறார்கள். பனியில் புதையாத வண்டி சேற்றிலும் புதையாது. ஓட்டிக் காட்டினால் பண்ணையின் அத்தனை எஞ்சின் வேலையும் எனக்குத்தான். கொட்டகை பிழைத்துக்கொள்ளும், நானும் மெக்கானிக்காகவே இருக்கலாம். இதை எதற்கய்யா இவ்வளவு தூரம் கொண்டுவந்தீர்கள் என்று கந்தசாமியைக் கேட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "வெறும் வண்டிய ஓட்டிக்கிட்டு ஊருக்கு வந்தா மனசு ஆறாதுங்க."

எந்த வண்டிக்கு

எஞ்சினைப் பிரித்தேன். இரண்டு சிலிண்டரிலும் பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. பழைய பைக் பிஸ்டன்களை லேத்தில் கொடுத்து அளவுக்குக் கடைந்து போட்டேன். கார்புரேட்டர் ஒரு கழித்துப்போட்ட ஆட்டோவிலிருந்து வந்தது. புதிதாக எதுவும் வாங்கக்கூடாது என்பது பொன்னுசாமியின் நிபந்தனை. வாங்கவும் எங்கே கிடைக்கும்?

பெல்ட்தான் உயிரை எடுத்தது. இந்த வண்டிக்கு பைக்கைப்போல கியர் கிடையாது. எஞ்சினின் இழுவையைப் பின்பட்டைக்குக் கொண்டுபோவது ஒரு அகலமான பெல்ட்தான். பொன்னுசாமியிடம் அதற்கு மட்டும் விலக்குக் கேட்டுக்கொண்டு, சேலத்தில் பெல்ட் கடை ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் நான் கொண்டுபோன அறுந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த வண்டிக்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. துண்டை மரியாதையாகத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். கடைசியில் தீவன அரவை மெஷினின் பழைய பெல்ட் ஒன்றை வாங்கி, ஓரங்களைத் தேய்த்துத் தேய்த்து உட்கார வைத்தேன். தாளை நீட்டும்போது அந்தக் கடைக்காரர் சொன்னது மட்டும் தேயவில்லை: "நம்மூர்ல பனி பேஞ்ச மறுநாள் வாங்க சார், ஆர்டர் போட்டு வெச்சிருக்கேன்."

உருகிய பிளாஸ்டிக்

எஞ்சின் பிடித்த அன்று கொட்டகைக்குப் பின்னால் இருந்த கட்டாந்தரையில் ஓட்டிப் பார்த்தேன். வண்டி நகர்ந்தது. பத்தடி போவதற்குள் கருகிய வாடை. படுத்துப் பார்த்தால், ரப்பர் பட்டை வழுக்கி ஓட வேண்டிய பிளாஸ்டிக் தண்டவாளம் மெழுகாக உருகிக்கிடந்தது. அது ஓடும் ஊரில் பனித்தூள் தெறித்துத் தெறித்து அந்த இடத்தைக் குளிர வைக்குமாம். என் ஊரில் புழுதிதான் தெறிக்கிறது. புரட்டாசி வெயில் என்று பெயர்தான், தகரத்தைத் தொட முடியவில்லை. அந்த வண்டி தவறான ஊரில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அதன்மேல் இரக்கம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அது யார்மேல் வந்த இரக்கம் என்று சந்தேகமாகவும் இருந்தது.

கெட்டியான நைலான் பட்டையை வெட்டித் தண்டவாளமாகப் போட்டேன். சீட்டுக்குப் பின்னால் ஸ்பிரேயர் டேங்க் ஒன்றைக் கட்டி, சொட்டு நீர்க் குழாயை இரண்டு பக்கமும் இழுத்து, ஓட ஓடத் தண்ணீர் சொட்டும்படி செய்தேன். அது என் சொந்த யோசனை. இன்றைக்கும் அதில் எனக்குக் குறை தெரியவில்லை. ஸ்பிரேயர் சரிசெய்ய வந்த ஒரு மல்லூர் விவசாயி, சொட்டிக்கொண்டிருந்த வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல நாத்து எப்படிங்க நடறது?"

எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜைக்குப் பொன்னுசாமி மாலையும் பூசணிக்காயும் எலுமிச்சம்பழமுமாக வந்துவிட்டார். என் கொட்டகையில் மாதா படம்தான் மாட்டியிருக்கும். ஆனால் வண்டி அவருடையது. மாலை போட்டாயிற்று, சந்தனம் வைத்தாயிற்று. பழத்தை எங்கே வைப்பது? சக்கரம் இருந்தால்தானே அடியில் வைத்து ஏற்றி நசுக்க முடியும். யோசித்து, முன்னால் இருந்த சறுக்குக் கட்டைகளின் மூக்கருகே கட்டைக்கொன்றாக வைத்தோம்.

வண்டியை எடுத்தேன். பழங்கள் நசுங்கவில்லை. கட்டை அவற்றைத் தள்ளிக்கொண்டே போனது, அவையும் முன்னால் உருண்டுகொண்டே போயின, சாலை வரைக்கும். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்கு நம்பிக்கையில்லாத ஒரு சகுனம் என்னை ஏன் பயமுறுத்த வேண்டும்? பொன்னுசாமி குனிந்து பழங்களை எடுத்து, வேட்டியில் துடைத்து என்னிடம் நீட்டினார்: "நசுங்காத பழத்த வெச்சு என்னுங்க பண்றது, ஜூஸ் போட்டுருங்க."

சத்தம்

பழைய சைலன்சர் துருவேறி உதிர்ந்துவிட்டது. அதை அடைத்து ஒட்டி மாட்டினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டியது, இழுக்கவில்லை. நானே தகடு உருட்டி, உள்ளே தடுப்பு எதுவும் இல்லாமல் ஒன்று செய்தேன். இளவயதில் பந்தயத்துக்குப் போகிற பைக்குகளுக்கு இப்படித்தான் செய்து கொடுப்பேன். மாட்டி முறுக்கினேன். வண்டி முன்கட்டையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. மாதக்கணக்கில் குனிந்தே கிடந்தவனுக்கு முதுகு நிமிர்ந்த மாதிரி இருந்தது. சத்தம் பலமாகத்தான் இருந்தது. எங்களுக்கு அது சத்தமில்லை, சக்தி. பொன்னுசாமியும் தலையாட்டி ரசித்தார், அவர் லாரிக்காரர்.

பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் செய்யும் மாரியப்பன், நாளெல்லாம் இரும்பை அடிக்கிறவர், காதில் விரலோடு வந்து நின்றார். என்ன மாரியப்பா என்றேன். அவர் சொன்னதை அன்றைக்குப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்: "வண்டி போறது தெரியலீங்க, வர்ற சத்தந்தான் திருச்செங்கோடு வரைக்கும் கேக்குது."

அன்று காலை

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. வண்டியை லாரியில் ஏற்றிப் பண்ணைக்குக் கொண்டுபோனோம். எரு அள்ளும் பெண்களுக்கு மேற்பார்வை சின்னப்பாப்பா. என்னைவிட மூத்தவர், இடுப்பில் கைவைத்து நின்றார். ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டியிருந்த கூண்டு வரிசைக்குக் கீழே சேறு பளபளத்தது. பின்னால் ஒரு தகரப் பலகையைக் கட்டி எருவைக் கொட்டச் சொன்னேன். கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பினேன்.

ஓடியது. உண்மையாகவே ஓடியது. சேற்றின் மேல் மிதந்து, பாரத்தை இழுத்து, கோழிக் கொட்டகையின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பியது. பெண்கள் சேலையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, தானும் ஏறலாமா என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கியிருந்தது. எஞ்சினை அணைத்தபோதுதான் மேலே கேட்டது. தகரத்தில் பெருமழை கொட்டுவதுபோல ஒரு சத்தம். மழை விட்டிருந்தது. அத்தனை கூண்டிலும் அத்தனை கோழியும் சிறகை அடித்துக் கம்பியில் மோதிக்கொண்டிருந்தன.

பண்ணைப் பக்கம் பட்டாசுகூட வெடிக்க மாட்டார்கள். மிரண்ட கோழி முட்டையிடாது. இது எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பொன்னுசாமிக்கு அது பிழைப்பு. இருவரும் எஞ்சினைக் கேட்டுக்கொண்டு நின்றோமே தவிர, கோழியை நினைக்கவே இல்லை. மறுநாள் போனபோது முட்டைத் தட்டுகள் காலியாக அடுக்கிக்கிடந்தன. இட்டிருந்த கொஞ்சமும் ஓடில்லாமல் தோலாக இருந்தது. சின்னப்பாப்பா என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை: "வண்டி நல்லாத்தான் ஓடுது சாமி, கோழிதான் நின்னுபோச்சு."

சத்தமில்லாமல்

விட்டுவிடவில்லை. உள்ளே தடுப்பும் சத்தத்தை விழுங்கும் கண்ணாடிப் பஞ்சும் வைத்து வேறொரு சைலன்சர் செய்தேன். இப்போது வண்டி பூனைபோல முனகியது. கோழிகள் இல்லாத காலிக் கொட்டகையில் முதலில் இறக்கிப் பார்த்தோம். பாதி தூரம் போனதும் இழுவை செத்தது. நின்றது. நின்றதும் மெதுவாக, என்னையும் வைத்துக்கொண்டு, உட்கார ஆரம்பித்தது. சீட்டுவரை சேறு வந்தது. எந்தப் பெண்களின் தலைச் சுமையை இறக்க வந்தேனோ, அவர்களே கயிறு கட்டி என்னை இழுத்துக் கரையேற்றினார்கள்.

கத்தினால் ஓடுகிறது, கத்தாவிட்டால் புதைகிறது. இடையில் ஏதாவது ஒரு வழி இருந்திருக்கும். என்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் அதைக் கண்டிருப்பான். நான் அவனில்லை என்பதைச் சேற்றுக்குள் உட்கார்ந்துதான் ஒப்புக்கொண்டேன். பொன்னுசாமி குழாயைப் பிடித்து என் கால்மேல் தண்ணீர் அடித்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க கைவேல மேல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க ஆரோக்கியம், ஆனா கோழிகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

நீலச் சட்டை

கார்த்திகை முதல் தேதி. ஸ்டெல்லா செக்யூரிட்டி சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருந்தாள். கொட்டகைச் சாவியை முந்தின நாளே இடத்துக்காரரிடம் கொடுத்துவிட்டேன். சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, நான் தோற்றது வண்டியிடமா, என்னிடமா என்று கேட்டுக்கொண்டேன். கண்ணாடியில் மெக்கானிக் இல்லை, சட்டைதான் இருந்தது.

ஸ்டெல்லா காலரைச் சரிசெய்தாள். அவளுக்கு இது சந்தோஷமா துக்கமா என்று இத்தனை வருடப் பழக்கத்திலும் எனக்குப் புரியவில்லை. என் விரல் நகங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, கையை விடாமல் சொன்னாள்: "கல்யாணத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தாங்க உங்ககிட்ட ஆயில் வாசனை இல்ல."

வண்டி ஓடுமா என்பதை மட்டுமே வாழ்நாளெல்லாம் கேட்டுப் பழகி, அது யாருடைய காலடியில் ஓடப்போகிறது என்று ஒருமுறைகூடக் கேட்காதவனுக்கு, போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் கேட்டைத் திறந்து மூடும் வேலை ஒன்றும் அநியாயமான தீர்ப்பில்லை.