சனிக்கிரகத்துக்குப் போன தபால்காரர்

போன வாரம் விருதுநகரில் பல் டாக்டரைப் பார்க்கப் போனவன், பழைய புத்தகக் கடையில் அந்தப் புத்தகத்தைக் கண்டதும் பல்லை மறந்துவிட்டேன். சனிக்கிரகத்துக்கு மாற்றலாகிப் போகும் தபால்காரரின் கதை. அங்கே வீடுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். மனிதர் சைக்கிளில் துரத்திப்போய்க் கடிதம் கொடுப்பார். சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்த புத்தகம். மோந்து பார்த்தேன். பசை வாசனை இல்லை. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எங்கள் பிரதியில் பசை வாசனை போகவே போகாது. அம்மாவின் கையிலும் அதே வாசனைதான். திருத்தங்கலில் பைண்டிங் வேலை அவளுக்கு. பதினாறு பக்கம் கொண்ட மடிப்புக்குப் பாரம் என்று பெயர். பாரங்களை வரிசையாக அடுக்கினால் புத்தகம். காலண்டர் சீசன் அவசரத்தில் கைதவறி அடுக்கியவை பட்டாசுக் குழாய் சுருட்டப் போய்விடும். அப்படிப் போகவிருந்த ஒன்றைத்தான் அம்மா கேட்டு வாங்கிவந்தாள்.

"என்னமோ கோளாறாம்லே. ஒனக்கென்ன, படிக்கத்தான போற?"

எனக்கு ஒரு கோளாறும் தெரியவில்லை. கடைசியில் மூன்று கால் நாய் ஒன்று தபால்காரரைத் துரத்தும். 'நாய் கவ்வியதும் தபால்காரர்' என்று ஒரு பக்கம் முடியும். பக்கத்தைப் புரட்டினால், 'வாசலில் நின்று மனைவியிடம் போய்வருகிறேன் என்றார்' என்றிருக்கும். மறுபடி ராக்கெட், மறுபடி சைக்கிள், மறுபடி நாய். 'நாய் கவ்வியதும் தபால்காரர்.' அத்தோடு புத்தகம் முடிந்துவிடும். எழுதியவர் பெரிய மூளைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா லாரி டிரைவர். பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். நாங்கள் எழுமுன் கிளம்பிவிடுவார். சொல்லிக்கொள்கிற பழக்கம் கிடையாது. ஒரு தீபாவளிக்கு முன்னால் அவர் ஓட்டிப்போன லாரியை வேறு டிரைவர் திருப்பி ஓட்டிவந்தார். அப்பா அங்கேயே தங்கிவிட்டாராம்.

அதற்குப் பிறகு அம்மா பூண்டு உரித்துக்கொண்டே, தபால்காரர் மறுபடி வாசலில் நிற்கிற இடத்தை மட்டும் வாசிக்கச் சொல்வாள்.

"பாத்தியாலே, சொல்லிக்காம வந்துட்டமேன்னு திரும்பி வந்துருக்கான். எம்புட்டு நல்லவன்!"

எனக்கு அழுகை வரும். அவள் சிரிப்பதால் நானும் சிரிப்பேன்.

வீடு மாறியபோது அந்தப் பிரதி பழைய பேப்பரோடு போயிற்று. நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையில் ஏதோ ஒரு வெடிக்குள் சுருண்டு, யார் வீட்டு வாசலிலோ வெடித்திருக்கும்.

புதிதாக வாங்கியதை பஸ்ஸிலேயே படித்து முடித்தேன். இதில் பாரமெல்லாம் ஒழுங்காக இருந்தது. 'நாய் கவ்வியதும் தபால்காரர்' என்று பக்கம் முடிந்தது. புரட்டினேன். 'சனிக்கிரகத்திலேயே நிரந்தரமாகத் தங்க மனு எழுதினார்.' மனு ஏற்கப்படுகிறது. முற்றும். எங்கள் பிரதியில் கடைசிப் பாரம் இல்லை; அதற்கு முந்தினதையே இரண்டு தடவை வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"ஏலே, அந்தத் தபால்காரனா? எங்க, வாசி."

வாசித்தேன். நாய் கவ்வியது. "ம், வந்துருவான்" என்றாள்.

நான் பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். "வாசலில் நின்று மனைவியிடம் போய்வருகிறேன் என்றார்."