அழைப்பு மணிக்கு வந்தவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. என் மனைவிக்கு நடந்தது. அவளுக்குக் கதை கட்டத் தெரியாது. நான் ஆசையாக வாங்கி வந்த சட்டையைப் பார்த்து, "இது உங்களுக்கு நல்லாவே இல்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பேய் என்றால் நள்ளிரவும் நரி ஊளையும் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில் நடந்தது.

மருத்துவமனைகளுக்குப் போய், அங்கே நோயாளிகளை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவதுதான் அவள் வேலை. காகிதத்தில் எல்லா ஆஸ்பத்திரியும் சொர்க்கம்தான் என்பாள். அதனால் அவளுக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். யாருக்கும் தெரியாமல் ஒரு காலிக் கட்டிலில் போர்த்திக்கொண்டு படுப்பாள். சுற்றிலும் திரையை இழுத்துவிடுவாள். தலைமாட்டில் இருக்கும் அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். யாராவது வருகிறார்களா, எரிந்து விழுகிறார்களா, எப்படித் தொடுகிறார்கள்... எல்லாம் தெரிந்துவிடும். வந்தவர் போகும்வரை கண்ணைத் திறக்கவே மாட்டாள். திறந்தால் குட்டு உடைந்துவிடுமே.

அன்றைக்கு அவளுக்குச் சொந்தக் கவலையும் இருந்தது. என் மாமனாருக்கு இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். தாயில்லாத பெண்ணைத் தனி ஆளாக வளர்த்த மனுஷன். அந்த ஆஸ்பத்திரி அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். "இது தேறினா அப்பாவை இங்கேயே சேர்த்துடலாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் கிளம்பினாள்.

மதியம். ஷிப்ட் மாறும் நேரம். நர்சுகள் எல்லோரும் தங்கள் அறைக்குள் கூடியிருந்தார்கள். சரியான சமயம் என்று இவள் மெல்ல நழுவினாள். அறைகள் நிரம்பி வழிந்தன. வராந்தாவில்கூடக் கட்டில் போட்டிருந்தார்கள். ஆனால் கடைசி அறை மட்டும் காலி. அங்கே இருந்த இரண்டு கட்டிலும் காலி. இவ்வளவு கூட்டத்தில் இது மட்டும் ஏன் என்று ஒரு கணம் தோன்றியதாம். தோன்றியதோடு சரி. சன்னலோரக் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள்.

மணியின் பொத்தானைக் கையில் எடுத்தாள். அது நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. அழுத்தினாள். வழக்கமாக, தூரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். இங்கே ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் அழுத்திவிட்டுக் கண்ணை மூடினாள்.

கிரீச்...

சலைன் பாட்டில் மாட்டும் ஸ்டாண்டின் சக்கரச் சத்தம். பரவாயில்லையே, உடனே வந்துவிட்டார்களே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

கிரீச்... கிரீச்...

அப்புறம்தான் உறைத்தது. சத்தம் கதவுப் பக்கமிருந்து வரவில்லை. காலியாக இருந்த பக்கத்துக் கட்டிலிலிருந்து வந்தது.

கூடவே காலடிச் சத்தம். சப்... சப்... வெறுங்கால். நர்சுகள் ஷூ அல்லவா போட்டிருப்பார்கள்?

திரை விலகியது. கண்ணைத் திறக்கலாமா என்று நினைத்தாள். பயமாக இருந்தது.

"வந்துட்டேன்... ரொம்ப நேரமாச்சா?"

இளம்பெண்ணின் குரல். மூச்சு வாங்கிக்கொண்டு பேசியது.

ஒரு கை இவள் கையைப் பிடித்தது. ஐஸ் மாதிரி இருந்தது. அதன் புறங்கையில் இவள் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. பிளாஸ்திரி. அதற்கடியில் ஊசி.

ஊசி நோயாளிக்குத்தானே குத்துவார்கள்?

கையை உருவப் பார்த்தாள். முடியவில்லை.

"இனிமே யாரையும் கூப்பிட வேண்டாம்..."

குரல் காதருகே வந்தது.

"நானே வரேன்..."

அலறிவிட்டாள்.

ஓடி வந்து திரையை இழுத்தது தலைமை நர்ஸ். கட்டிலருகே வேறு யாரும் இல்லை.

"மேடம்! இந்தக் கட்டில்ல ஏன் படுத்தீங்க?"

"பெல் அடிச்சேன்... ஒரு பொண்ணு வந்தா."

அந்த அம்மாள் முகம் வெளுத்துப்போனது. குனிந்து, கட்டிலுக்குப் பின்னாலிருந்து மணியின் வயரை எடுத்துக் காட்டினார். அது எதிலும் செருகப்படவில்லை. சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"போன வருஷம் இதுல ஒரு பொண்ணு இருந்தா மேடம். தனியா இருக்க பயம். பெல்லை அடிச்சுக்கிட்டே இருப்பா. தொல்லை தாங்காம யாரோ வயரைப் பிடுங்கிட்டாங்க. காலைல போய்ப் பாத்தா... கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்துச்சு."

அந்தப் பிரிவுக்குத் தேறாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து படுத்தவள், இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். "ஊர்ல வேற ஆஸ்பத்திரியே இல்லைன்னாலும் அப்பாவை அங்க சேர்க்கக் கூடாது" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் சிரித்தேன். ஏசிக் குளிரில் கண்ணயர்ந்து கனவு கண்டிருப்பாய் என்று கேலி வேறு செய்தேன்.

அடுத்த வாரம் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்று பக்கத்து வீட்டுக்காரர் பதற்றத்தில் அரையும் குறையுமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். காரை எடுத்துக்கொண்டு பறந்தோம். பாதி வழியில் மாமனாரே கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"எந்த ஆஸ்பத்திரிப்பா?"

"நம்ம வீட்டுக்குப் பக்கத்துலதாம்மா. ஒரே கூட்டம். கடைசி ரூம் மட்டும்தான் காலியாம். சன்னலோரமா நல்ல காத்து வருது."

என் மனைவி என் தோளை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அப்பா... சத்தம் போட்டு நர்சைக் கூப்பிடுங்க. வேற ரூம் கேளுங்க. இப்பவே!"

"எதுக்கும்மா பதறுறே? யாரையும் கூப்பிட வேண்டாம், நானே வரேன்னு சொல்லிட்டா. தங்கமான பொண்ணு. என் கையை விடவே மாட்டேங்கிறா." கொஞ்சம் நிறுத்தினார். "பாவம்... அவளே கையில ஊசியோடதான் வர்றா."

அவர் குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம்.

கிரீச்... கிரீச்...

இந்த முறை எனக்கும் கேட்டது.