கம்பிவலைக்குள் மணிப்புறாக்கள்

அடிக்கிற கை எப்போது நிற்கும்? கை ஓய்ந்தால் நிற்குமா, மனசு இளகினால் நிற்குமா, இல்லை, அடிபடுகிறவர் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டால்தான் நிற்குமா? தங்கச்சி இப்படியெல்லாம் பேசுகிறவள் அல்ல. ஆனால் அவள் வாழ்க்கை இந்த ஒரு கேள்வியையே சுற்றிச் சுற்றி வந்தது.

தெருவில் அவளைப் பொறுமைசாலி என்பார்கள். அந்தப் பாராட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடி வாங்கிக்கொண்டு சத்தம் போடாதவளுக்குப் பொறுமைசாலி என்று பட்டம் கொடுத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். லோடு கிடைத்தால் குடித்துவிட்டு அடிப்பான், கிடைக்காவிட்டால் குடிக்காமல் அடிப்பான். ஒருநாள் ஜாக்கிக் கம்பியை எடுத்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு அவள் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அண்ணன் கிரில் பட்டறை வைத்திருந்தார். முன்பக்கம் பட்டறை, நடுவில் வீடு, பின்னால் தோட்டம், தோட்டத்துச் சுவரில் சந்துக்குப் போகிற கதவு. கட்டிங் மெஷின் இரைச்சலை மீறி அவர் "தங்கச்சீ" என்று கத்துகிற கத்தலில் தெருவுக்கே அவள் தங்கச்சியாகிவிட்டாள். ஜன்னல் கிரில்கள் துருப்பிடிக்காமல் இருக்கச் செம்மண் நிறப் பிரைமர் அடிப்பது அவள் வேலை. பின்தோட்டத்தில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்து அடிப்பாள். டர்பன்டைன் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் அந்தச் சிவப்பு போகாது.

"ரத்தம் மாதிரியே இருக்கு, போய்க் கழுவிட்டு வந்து சோத்துல கை வையி" என்பாள் அண்ணி.

"உங்க வீட்டுக்காரர் கொடுத்த மருதாணி, அண்ணி. லேசுல போகாது."

எலுமிச்சை மரத்தில் ஒரு ஜோடி மணிப்புறா கூடு கட்டியிருந்தது. நாலு சுள்ளியை வைத்துவிட்டு அதைக் கூடு என்று சொல்லிக்கொள்கிற ஜாதி. இரைக்காக வேறொரு ஆண்புறாவும் வரும். வந்தால் சண்டைதான். கூட்டுக்காரன் கழுத்தை உப்பிக்கொண்டு பாய்வான். றெக்கையால் பளார் பளார் என்று அறை விழும். வந்தவன் பறந்து சுவர்மேல் போய் உட்காருவான். அவ்வளவுதான். கூட்டுக்காரன் ஒன்றுமே நடக்காதது மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு பொறுக்கப் போய்விடுவான். தங்கச்சி பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். அறை விழும்போது அவள் தோள் தானாக ஒருமுறை துள்ளும்.

ஒருநாள் லாரிக்காரன் அண்ணியின் போனுக்குக் கூப்பிட்டான். எடுத்தது தங்கச்சி. "வந்துடு, இனிமே கை வைக்க மாட்டேன்" என்று அவன் சொல்லி முடிக்கவில்லை, அண்ணன் பின்னால் நின்று போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். அடுத்த அறை அவள் கன்னத்தில்.

"அவன்கிட்ட உனக்கு என்னடி பேச்சு? உனக்காகத்தானே நான் இவ்வளவு பாடுபடுறேன்?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் இருக்கிற சிக்கல்.

அந்த வாரமே ஒரு பூனை கூட்டிலிருந்த குஞ்சைக் கவ்விக்கொண்டு போனது. தங்கச்சி அழுதாள். மறுநாள் பூனை திரும்ப வந்தபோது அண்ணன் அதைக் குளியலறைக்குள் விரட்டிக் கதவைச் சாத்தினார். கையில் இரும்பு ஆங்கிள் சட்டம் இருந்தது. முதல் அடிக்குப் பூனை கத்தியது. பிறகு அடியின் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்து ஆங்கிளைக் குழாயடியில் கழுவினார். அன்று சாயங்காலமே அதைத் தோட்டத்துக்குக் கூண்டு போட மூலைக்காலாக நட்டுவிட்டார். நாலு பக்கமும் கம்பி வலை, மேலேயும் வலை, சந்துக் கதவுக்குப் பெரிய பூட்டு.

"இனி பூனையும் வராது, அந்தப் பொறுக்கியும் சுவரேறிக் குதிக்க முடியாது. புறாவுக்கும் ஆச்சு, உனக்கும் ஆச்சு."

இரும்பைப் பற்றவைக்கத் தெரிந்தவர் செய்கிற தவறு அது. எதற்குப் பயந்தாலும் அவர் கை கம்பியைத்தான் தேடும். மேல்வலையை இறுக்கியபோது புறாக்கள் உள்ளே இருந்தன, இரைக்கு வந்த அந்த மூன்றாவதும் சேர்த்து.

காலையில் தங்கச்சி பிரைமர் டின்னோடு வந்தாள். சண்டை நடந்துகொண்டிருந்தது. தோற்றவன் பறந்தான், வலையில் மோதி விழுந்தான். மறுபடி பறந்தான், மறுபடி விழுந்தான். கடைசியில் குழாயடி மூலையில் தலையை ஒடுக்கி உட்கார்ந்துவிட்டான். கூட்டுக்காரன் மேலே ஏறிக் கொத்தினான். இறகு போய், தோல் போய், கழுத்திலிருந்து வால்வரை சதை தெரிந்தது. நடுவில் களைத்து இறங்கி, தண்ணீர் குடித்து, திரும்ப ஏறினான். தங்கச்சி துணியை வீசி விரட்டினாள். அவள் கை தாழ்ந்ததும் வந்துவிடுவான். பட்டறைக்கு ஓடினாள்.

"அண்ணா, சாவியைக் குடுங்க. அது செத்துரும்."

"கதவைத் தொறந்து போட்டா உன்னை யாரு பாத்துக்குறது? புறா போய்க் கொலை பண்ணுமா? சமாதானம்னு சொல்லிப் பறக்க விடுறதே அதைத்தானே!" பட்டறை ஆட்கள் சிரித்தார்கள்.

மத்தியானம் அது செத்தது. செத்த பிறகும் கூட்டுக்காரன் கொஞ்ச நேரம் கொத்தினான்.

அண்ணன் வந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. மேல்வலையில் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்துவிட்டார். பூட்டை மட்டும் எடுக்கவில்லை.

லாரிக்காரன் வந்தது ஒரு பகலில். அண்ணன் கேட் ஒன்றை மாட்டப் போயிருந்தார். உலர்ந்த கிரில்களை ஏற்றுவதற்காகச் சந்துக் கதவு திறந்திருந்தது; சாவி பூட்டிலேயே தொங்கியது. அவன் பேச்சே கொடுக்கவில்லை. கொத்தாக முடியைப் பிடித்து, அவள் முகத்தைப் பிரைமர் டின்னுக்குள் அழுத்தினான். எழுந்தவளை இடுப்பில் உதைத்தான்.

"வர்றியா, இங்கயே சாகுறியா?"

சத்தம் கேட்டு அண்ணி அடுக்களைக் கதவை உள்பக்கம் தாழிட்டாள். அதே நேரம் சந்தில் லோடு ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் உள்ளே வந்தார், கதவைச் சாத்திப் பூட்டினார், சாவியைத் தங்கச்சி பக்கம் எறிந்தார். "வெச்சுக்கோ. இவன் இன்னைக்குப் போக மாட்டான்." கீழே கிடந்த சதுரக் கம்பியை எடுத்தார்.

முதல் அடி முட்டியில். லாரிக்காரன் கதவைப் பிடித்து உலுக்கினான், விரல்மேல் அடுத்தது. வலையில் ஏறப் பார்த்தான், முதுகில். கடைசியில் குழாயடி மூலைக்குத் தவழ்ந்துபோய்க் கைகளால் தலையை மூடிக்கொண்டான்.

"மச்சான், விட்ருங்க மச்சான். போயிடறேன்."

"போறியா? எங்கடா போவ?"

தாடை உடைந்தது. அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். கம்பியைக் கைமாற்றிப் பிடித்தார்.

தங்கச்சி எழுந்துபோய்ப் பூட்டைத் திறந்தாள்.

"தொறக்காதடி! இவன் உயிரோட போனா திரும்ப வருவான்!"

அது அவளுக்குத் தெரியாததில்லை. கதவை முழுக்கத் தள்ளிவைத்தாள். லாரிக்காரன் சந்துக்குள் ஊர்ந்து போனான். அண்ணன் கம்பியைப் போட்டுவிட்டுத் திரும்பி, ஓங்கி அவளை ஒன்று அறைந்தார். பிறகு அந்தப் பலகையிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். "உனக்காகத்தானே, பாவி, உனக்காகத்தானே..."

அவள் சந்தில் இறங்கி நடந்தாள். சுவரோரம் கிடந்தவன் முனகினான். ஆட்டோக்காரரிடம், "இவனை ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள். முகம் முழுக்கச் சிவப்பு. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஸ்டேஷனில் இருந்த பெண் எஸ்.ஐ. பதறி எழுந்து நாற்காலி போட்டாள். "இவ்வளவு ரத்தமா!"

"பெயின்ட்டும்மா. ரத்தம் உள்ள இருக்கு."

புருஷன் செய்ததையெல்லாம் தோள்பட்டையிலிருந்து தொடங்கி, அண்ணன் வந்து கதவைப் பூட்டிக் கம்பியால் அடித்ததுவரை சொன்னாள். எஸ்.ஐ. எழுதி முடித்துக் கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினாள்.

"இன்னொருத்தர் பேரு இருக்கு. அதையும் எழுதுங்க."

"யாரு?"

"எங்க அண்ணன்."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தாள். "அவர் உன்னைக் காப்பாத்தினவர்னுதானே சொன்ன?"

"ஆமா."

"கொலை முயற்சின்னு போகும். உள்ள போயிடுவாரு. புரிஞ்சுதான் சொல்றியா?"

"புரிஞ்சுதான்மா. எழுதுங்க."

அண்ணனும் புருஷனும் தண்டனை பெற்றார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவளா இவள் என்று அண்ணி மண்ணை வாரித் தூற்றினாள். தெருவில் பொறுமைசாலி என்ற பேச்சு அன்றோடு போயிற்று. அவள் வேறு ஊரில் அறை எடுத்து, வேறொரு பட்டறையில் பிரைமர் அடிக்கப் போனாள். அண்ணனைப் பார்க்கச் சிறைக்கு மாதாமாதம் போவாள். தன் பேரையும் ஏன் எழுதச் சொன்னாள் என்று அவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். அவள் அண்ணியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள், நேரம் முடிந்ததும் எழுந்து வந்துவிடுவாள்.